அழவைத்தது ஆவியானவரா, கீபோர்டா?



சனிக்கிழமை ராத்திரி வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு, ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருவேன். மறுநாள் ஆராதனைக்கு என்ன பாட்டு, எந்த வரிசை, எந்த ஸ்கேல் என்று எழுதி வைக்கவேண்டும். சபையில் பாடல் நடத்துகிற பொறுப்பு என்னிடம் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாட்டுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குறிப்புகளும் எழுதுவேன். "இங்கே டிரம்ஸ் வேண்டாம்." "இங்கே சகோதரிகள் மட்டும்." "மூன்றாம் தடவை அரை ஸ்கேல் ஏற்று." இதெல்லாம் வாசிக்கிற தம்பிமாருக்காக.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது என் கையெழுத்திலேயே ஒரு குறிப்பைப் பார்த்தேன். மெதுவான ஒரு பாட்டின் கடைசிப் பல்லவிக்குப் பக்கத்தில் எழுதியிருந்தேன்: "இங்கே அழுவார்கள்."

அழுதார்களா? அழுதார்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முன்வரிசையில் முழங்காலில் விழுந்தவர்கள் உண்டு. ஆராதனை முடிந்து வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது நாலு பேர் என் கையைப் பிடித்து, "பிரதர், இன்னைக்கு ஆவியானவர் பலமா அசைவாடினார்" என்று சொன்னார்கள். நானும் "எல்லா மகிமையும் கர்த்தருக்கே" என்று சொன்னேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு ஆவியானவர் என்ன செய்வார் என்று சனிக்கிழமை ராத்திரியே எனக்கு எப்படித் தெரிந்தது? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தீர்க்கதரிசன வரம் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு. அதை ஒருதரம் அமுக்கினால் எல்லாச் சுரமும் அரை ஸ்கேல் உயரும். வாசிக்கிறவன் விரலை மாற்றவே வேண்டாம். ஒரே பல்லவியை இரண்டு தரம் அமைதியாகப் பாடிவிட்டு, மூன்றாம் தரம் டிரம்ஸோடு அரை ஸ்கேல் ஏற்றிப் பாடினால் ஜனங்களுடைய உள்ளத்தில் ஏதோ ஒன்று எழும்பும். கை தானாக உயரும். கண் நிறையும். வார்த்தை அதேதான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. பாஸ்டர் ஜெபிக்கும்போது பின்னால் ஸ்ட்ரிங்ஸ் சத்தத்தைத் தாழ்வாக ஓடவிடுவதும் இப்படித்தான். அதே ஜெபத்தை மின்சாரம் போன நேரத்தில் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இதை ஒருமுறை வாலிபப் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு தம்பி வந்து, "அண்ணா, நீங்க அந்தப் பட்டன் பக்கம் கையைக் கொண்டு போகும்போதே எனக்குச் சிரிப்பு வந்துடுது. முந்தியெல்லாம் அழுவேன்" என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அவன் முன்பு அழுதானே, அது என்ன அழுகை? இப்போது சிரிக்கிறானே, அவன் பின்மாற்றக்காரனா?

இந்தக் கேள்விக்கு நம்மவர்களிடம் இரண்டு பதில் தயாராக இருக்கிறது.

முதல் பதில்: "எப்படியோ அழுதாங்க இல்ல? மனம் திரும்பினாங்க இல்ல? அப்புறம் என்ன?" இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. சார்லஸ் ஃபின்னி 1835-ல் வெளியிட்ட எழுப்புதல் சொற்பொழிவுகளில் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான் நிற்கிறார். எழுப்புதல் என்பது அற்புதமல்ல, ஏற்ற வழிகளைச் சரியாகப் பயன்படுத்தினால் கிடைக்கும் பலன் என்கிறார். விவசாயி உழுது விதைக்காமல் விளைச்சலைக் கேட்பானா என்பது அவருடைய வாதம். தேவனுடைய ஆசீர்வாதம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். வேதத்திலும் இதற்கு ஆதாரம் உண்டு. 2 இராஜாக்கள் 3-ம் அதிகாரத்தில் எலிசா தீர்க்கதரிசி, பேசுவதற்கு முன்னால் வாத்தியம் வாசிக்கிற ஒருவனைக் கூட்டிவரச் சொல்லுகிறார். அவன் வாசிக்கும்போதுதான் கர்த்தருடைய கரம் அவர்மேல் இறங்குகிறது. எலிசாவுக்கே இசை தேவைப்பட்டது என்றால் நமக்குத் தேவைப்படாதா?

ஆனால் சவுலைப் பாருங்கள். தாவீது சுரமண்டலம் வாசித்தபோது சவுலுக்கு ஆறுதல் வந்தது, பொல்லாத ஆவி விலகிப்போனது, 1 சாமுவேல் 16-ல் வாசிக்கிறோம். இரண்டு அதிகாரம் தள்ளிப் போனால் அதே தாவீது, அதே வாசிப்பு, அதே அரண்மனை, சவுலின் கையில் ஈட்டி. எறிந்தான். இசை அவனைத் தொட்டது மெய். அவனை மாற்றவில்லை என்பதும் மெய். பாட்டு கேட்டு அமைதியாவது ஒன்று, மனந்திரும்புவது வேறொன்று. நம்முடைய கூட்டங்களில் இந்த இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இன்னொரு ஆராதனையும் வேதத்தில் இருக்கிறது. நல்ல திட்டமிட்ட ஆராதனை. தூரா சமபூமியில் நேபுகாத்நேச்சார் நடத்தினது. அந்த வாத்தியங்களின் பட்டியல் தானியேல் 3-ம் அதிகாரத்தில் நான்கு தரம் வருகிறது. வாத்தியம் தொடங்கின உடனே எல்லாரும் விழவேண்டும். விழுந்தார்கள். யாரும் விக்கிரகத்தைப் பற்றி யோசித்து விழவில்லை, சத்தம் கேட்டது, பக்கத்தில் இருந்தவன் விழுந்தான், இவனும் விழுந்தான். (பின்னால் சூளை எரிந்துகொண்டிருந்ததையும் மறக்கக்கூடாதுதான்.) விழாமல் நின்ற மூன்று பேரைத்தான் நாம் ஞாயிறு பள்ளியில் பாராட்டிப் பேசுகிறோம். ஆனால் நம் சபையில் எல்லாரும் எழும்பிக் கை தட்டும்போது ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் அவரைப் பற்றி என்ன நினைக்கிறோம்? அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஃபின்னிக்கு ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் முன்னாலேயே, பெரிய எழுப்புதலை நேரில் கண்ட ஜோனத்தான் எட்வர்ட்ஸ் இதை யோசித்தவர். 1746-ல் பக்திக்குரிய உணர்ச்சிகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். உணர்ச்சி மிகுந்திருப்பதோ, சரீரம் நடுங்குவதோ, வாய் நிறையப் பேசுவதோ ஆவியானவருடைய கிரியைக்கு நிச்சயமான அடையாளம் அல்ல என்கிறார். உடனே நம்மை எதிர்க்கிறவர்கள் சந்தோஷப்படவேண்டாம். இவை இருப்பதனாலேயே அது ஆவியானவருடையது அல்ல என்றும் தீர்க்க முடியாது என்று அவரே சொல்லுகிறார். அழுகை எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது. எனக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது, அடியாகவும் இருந்தது. செருப்புத் தேடுகிற இடத்தில் எனக்குக் கிடைத்துவந்த பாராட்டுக்கெல்லாம் ஆதாரமே போய்விட்டது பாருங்கள்.

இரண்டாவது பதில்: "அதான் சொல்றோம், பிளானே வேண்டாம். நோட்டைத் தூக்கிப் போடுங்க. ஆவியானவர் குடுக்கிறதைப் பாடுங்க." 1906-ல் லாஸ் ஏஞ்சலீஸ் அசுசா தெருக் கூட்டங்களில் தொடக்கத்தில் வாத்தியமும் இல்லை, பாட்டுப் புத்தகமும் இல்லை என்று அதில் இருந்த ஃபிராங்க் பார்ட்டில்மன் எழுதி வைத்திருக்கிறார். நம் பெந்தெகொஸ்தே வீட்டின் பழைய கதை அது, தலை வணங்குகிறேன். ஆனால் அங்கே புத்தகம் இல்லாமல் பாடினார்கள் என்றால், பழைய ஞானப்பாட்டுகள் அவர்களுக்கு மனப்பாடமாக இருந்தது. யாரோ வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு அருமையான சகோதரன் உண்டு. "நான் லிஸ்ட் எழுதமாட்டேன், மேடையில ஆவியானவர் குடுப்பார்" என்பார். ஆவியானவர் வாராவாரம் அவருக்குக் கொடுப்பது அதே ஐந்து பாட்டுதான், அதுவும் டி மைனரில்தான். அன்போடுதான் சொல்லுகிறேன். எழுதாவிட்டால் திட்டம் இல்லை என்று ஆகிவிடாது. பழக்கம் நமக்காகத் திட்டம் போட்டுவிடும், நமக்கே தெரியாமல்.

தாவீது என்ன செய்தார்? 1 நாளாகமம் 25-ல் பாடகர்கள் 288 பேர், 24 பங்காகப் பிரித்து, சீட்டுப் போட்டு முறை வைக்கிறார். அத்தனை பேரும் பயிற்சி பெற்றவர்கள். அதே அதிகாரத்தின் முதல் வசனம், இவர்கள் வாத்தியங்களோடு தீர்க்கதரிசனம் சொல்ல ஏற்படுத்தப்பட்டவர்கள் என்கிறது. முறைப்பட்டியலும் தீர்க்கதரிசனமும் ஒரே இடத்தில்! சங்கீதப் புத்தகத்தில் 55 சங்கீதங்களின் தலைப்பில் இராகத்தலைவனைப் பற்றின குறிப்பு இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி நோட்டை வைத்துக்கொண்டு உட்காருகிறவன் அன்றைக்கும் ஒருவன் இருந்தான்.

இசையையே எடுத்துப் போட்டுவிட்டவர்களும் உண்டு. சூரிச் பட்டணத்தில் 1520-களில் ஸ்விங்லியின் சீர்திருத்தத்தில் ஆர்கன்களை நிறுத்தி அகற்றிவிட்டார்கள். இத்தனைக்கும் ஸ்விங்லி பல வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர். ஒருவேளை தெரிந்ததனால்தான் பயந்தாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அகுஸ்தீனும் இதில் தவித்திருக்கிறார். ஏறக்குறைய கி.பி. 400-ல் எழுதின தன் பாவ அறிக்கைகளில், பாடப்படுகிற பொருளைவிடப் பாடுகிற குரல் என்னை அதிகமாக அசைக்கும்போது நான் பாவம் செய்கிறேன் என்கிறார். அதே மூச்சில், தான் இரட்சிக்கப்பட்ட புதிதில் சபையின் பாட்டைக் கேட்டு விட்ட கண்ணீரையும் நினைக்கிறார். கடைசியில் பாட்டு இருக்கட்டும் என்ற பக்கம் சாய்கிறார், ஆனால் அடித்துச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய அறிவாளி இதைத் தீர்க்காமல் விட்டதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

நான் எனக்கென்று ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். நான் செய்யப்போவதை மைக்கில் முன்கூட்டியே சொல்ல முடியுமா? "இப்போது வாத்தியத்தை நிறுத்தி மெதுவாகப் பாடுவோம், நீங்கள் உங்கள் உள்ளத்தைத் தேவனுக்கு முன்பாகத் திறக்கும்படிக்கு" என்று சொல்லலாம். சொன்னபிறகும் அது வேலை செய்யும். ஜனங்கள் தெரிந்தே, மனதார வருகிறார்கள். "இப்போது அரை ஸ்கேல் ஏற்றுவேன், நீங்கள் அழுவீர்கள், அதை ஆவியானவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல முடியுமா? சொன்னால் அந்தத் தம்பி மாதிரி எல்லாரும் சிரித்துவிடுவார்கள். மறைத்தால்தான் நடக்கும் என்கிற காரியம் சபையில் எதற்கு?

இதற்கு ஒரு மூத்த சகோதரன் மறுப்புச் சொன்னார். "தாலாட்டுப் பாடுற தாய் பிள்ளைகிட்ட சொல்லிட்டா பாடுறா? முகாரின்னா அழுகைன்னு பாட்டுத் தெரியாதவனுக்கும் தெரியும். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் காலத்துல இருந்து நம்ம கீர்த்தனைக்காரங்க ராகம் பார்த்துத்தான் கட்டினாங்க. அவங்க எல்லாம் ஏமாத்துக்காரங்களா?" நல்ல கேள்வி. முகாரிக்கு நான் பதில் சொன்னேன். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதில் மறைவு இல்லை, என் சோதனையில் தேறிவிடும். தாலாட்டுக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். தாய் பிள்ளை தூங்கவேண்டும் என்று பாடுகிறாள். பிள்ளை தூங்காவிட்டால் அவள் பாட்டுத் திறமைக்கு ஒன்றும் குறைவு வராது. எனக்கோ, ஜனங்கள் அழாவிட்டால் அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்காது. அப்போது நான் யாருக்காகத் தாலாட்டினேன்? ஆக என் மைக் சோதனை அரைச் சோதனைதான். மீதி அரை, உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் கற்றேன்.

அவர்கள் எங்கள் சபையில் பழைய விசுவாசி. மகன் பைக் விபத்தில் போய்விட்டான். அடக்கம் முடிந்து மூன்றாவது ஞாயிறு சபைக்கு வந்தார்கள். அன்றைக்கு நான் வேகமான பாட்டாக அடுக்கி வைத்திருந்தேன், சபை கொஞ்சம் சோர்ந்திருக்கிறது, எழுப்பவேண்டும் என்று. எல்லாரும் குதித்துப் பாடுகிறார்கள், அந்த அம்மா மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அவர்களைப் பார்க்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். பார்த்தேன். பார்த்துக்கொண்டே மைக்கில், "கை தட்டாதவங்க யாரு? உயிரோட இருக்கிறவன்தான் துதிப்பான், செத்தவன் துதிக்கமாட்டான்!" என்றேன். எத்தனையோ ஞாயிறு சொன்ன வசனம்தான். சபை அல்லேலூயா என்றது.

வாசலில் அந்த அம்மா நின்றார்கள். கோபமே இல்லை. "தம்பி, நல்லாப் பாடினீங்க. எனக்குத்தான் கை எழும்பலை. அவன் செத்துட்டான் இல்ல, அவனும் துதிக்கமாட்டான்னு நீங்க சொன்னதும் என்னால முடியலைப்பா. அடுத்த வாரம் தட்டுறேன்."

அடுத்த வாரம் தட்டுகிறேன் என்றார்கள். என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி! மன்னிப்புக் கேட்கவேண்டியவன் யார்? துக்கமுள்ளவனுக்கு முன்பாகப் பாட்டுப் பாடுவது, குளிரில் நடுங்குகிறவனுடைய போர்வையை உருவுவதுபோல என்ற கருத்து நீதிமொழிகள் 25:20-ல் இருக்கிறது. எத்தனை தரம் வாசித்திருப்பேன்! பாடல் நடத்துகிறவனுக்கென்றே எழுதின வசனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்குப் போய் என் நோட்டை எடுத்து ஒரு வருஷத்துப் பக்கங்களைப் பார்த்தேன். ஜெயப் பாட்டு, துதிப் பாட்டு, ஒப்புக்கொடுக்கிற பாட்டு. புலம்பல் என்று ஒன்றுகூட இல்லை. சங்கீதப் புத்தகத்தில் எவ்வளவு இருக்கிறது! ஏமான் பெயரில் இருக்கிற 88-ம் சங்கீதம், தோழர்களையும் இழந்து தனியே நிற்பதோடு முடிந்துவிடுகிறது. கடைசி வசனத்தில்கூடத் துதி இல்லை. தேவன் அதைத் தம்முடைய ஜனத்தின் பாட்டுப் புத்தகத்தில் வைத்திருக்கிறார். நான் என் நோட்டில் அதற்கு இடம் வைக்கவில்லை. எந்த ஸ்கேலில் அழுவார்கள் என்று எழுதி வைத்த நான், ஏற்கெனவே அழுதுகொண்டு வந்தவர்களுக்கு ஒரு பாட்டும் எழுதி வைக்கவில்லை.

இப்போதும் சனிக்கிழமை எழுதுகிறேன். முன்பைவிட நேரம் பிடிக்கிறது. பாட்டுக்கு முன்னால் பெயர்களை எழுதுகிறேன். இந்த வாரம் யார் வீட்டில் மரணம், யார் மகளுக்குப் பரீட்சை தவறினது, யார் வேலை இழந்தார், யாருக்குப் பிள்ளை பிறந்தது. பிறகு வார்த்தைகளைப் பார்க்கிறேன், இந்த வார்த்தையை இந்த ஆள் பொய் சொல்லாமல் பாட முடியுமா என்று. அதற்குப் பிறகுதான் ஸ்கேல். எல்லாரும் எழும்பவேண்டிய பாட்டுக்கு முன்னால், "உட்கார்ந்திருக்க விரும்புகிறவர்கள் உட்காரலாம்" என்று சொல்லிவிடுகிறேன். அரை ஸ்கேல் ஏற்றுவதை விட்டுவிட்டேனா? இல்லை. சந்தோஷமான பாட்டில் ஏற்றுகிறேன், அது சந்தோஷத்துக்கு அழகு. எல்லாருக்கும் தெரியும்படி, அந்தத் தம்பியே இப்போது கீபோர்டில் உட்கார்ந்து ஏற்றுகிறான்.

ஒன்றில் மட்டும் எனக்கும் பாஸ்டருக்கும் இன்னும் ஒருமனம் வரவில்லை. செய்தி முடிந்து, ஒப்புக்கொடுக்கிறவர்களை முன்னால் அழைக்கும் நேரத்தில் கீபோர்டு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தீர்மானம் எடுக்கிற அந்த இரண்டு நிமிஷமாவது ஒரு மனுஷன் தன் மனதின் சத்தத்தைக் கேட்கட்டும், ஆவியானவருடைய மெல்லிய சத்தத்தைக் கேட்கட்டும், நம்முடைய ஸ்ட்ரிங்ஸ் நடுவில் நிற்கவேண்டாம் என்று. பாஸ்டர் ஒத்துக்கொண்டார். வழக்கமாக முன்வரிசை நிரம்பும். முதல் ஞாயிறு மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஜனங்கள் நெளிந்தார்கள். யாரோ இருமினார்கள். வெகுநேரம் கழித்து ஒரே ஒருவர் எழும்பி வந்தார்.

மாலையில் பாஸ்டர் கூப்பிட்டார். "பிரதர், வழக்கமா வர்றவங்க வரலையே. கொஞ்சம் வாசிச்சிருந்தா தைரியம் வந்து எழும்பியிருப்பாங்க. கூச்சப்படுறவனுக்கு அந்தச் சத்தம் ஒரு கைத்தாங்கல் இல்லையா?"

அதிலும் நியாயம் இருக்கிறது. கூச்சப்படுகிறவனை எனக்கும் தெரியும், நானே அப்படி ஒருவனாக இருந்து ஒரு பாட்டின் நடுவில் எழும்பிப் போனவன். "இன்னும் நாலு வாரம் பார்ப்போம் பாஸ்டர்" என்றேன். "பார்ப்போம்" என்றார். இன்றைக்கு இரண்டாவது வாரம்.